ஒரே வரிசை என்று போட்டிருந்த புத்தகம்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை அம்மிணி, கையை அப்படி ஆட்ட வேண்டாம். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று உங்கள் தலைக்கு மேலே எழுதித் தொங்குவது எனக்கும் தெரிகிறது. எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரி, கீழே உங்கள் பெயர், கடை முத்திரை. அது கிடைத்தால் நான் என் வீட்டுக்குப் போவேன். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

பதினெட்டு நாளாக நான் வீட்டுக்குப் போகவில்லை. சிங்காநல்லூரில் எங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு பெஞ்சு கிடக்கிறது, அதில் படுக்கிறேன். யாரும் துரத்தவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்னியப்பனை யாரும் எங்கிருந்தும் துரத்தியது கிடையாது. மில் நிர்வாகம் துரத்தப் பார்த்தது, போலீஸ் துரத்தப் பார்த்தது. நானாக வெளியே வந்தேன், நானாகவே உள்ளே போவேன். ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லாமல் போக மாட்டேன். தவறு இந்தப் புத்தகத்தின் மேல், இதை அச்சடித்து விற்றவர்கள் மேல் என்று எழுதிய காகிதம்.

அவர்களுக்கு முதலில் ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்து அனுப்புங்கள். நான் ஓரமாக நிற்கிறேன்.

ஆயிற்றா? என்னை நினைவிருக்கிறதல்லவா. அன்றைக்கு இதே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். மேடையில் பேசுகிற மாதிரி பேசுறீங்களே என்று சிரித்தீர்கள். என் மருமகளும் அதையேதான் சொல்வாள். நான் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரத்தில். மில் வாசலில் கொடுப்பார்கள், சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அப்புறம் நானே எழுத ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வருடம் எழுதினேன். எனக்கு வருவது இந்தத் தமிழ்தான். வீட்டில் உப்புக் கேட்டாலும் இப்படித்தான் கேட்பேன்.

என் மகன் பெயர் செஞ்சுடர். நான் வைத்த பெயர். பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். அங்கே முன்பாதியை வெட்டிவிட்டார்கள், எல்லோருக்கும் சுடர் சார். மருமகள் மைதிலி. பேத்திக்கு ஏழு வயது, பெயர் தன்ஷிகா. அது அவர்கள் வைத்த பெயர். பொருள் என்ன என்று கேட்டேன். "கேக்க நல்லா இருக்குதுங்க மாமா, அவ்வளவுதான்" என்றாள் மைதிலி.

இந்தக் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து இதுவரை எங்கேயும் போனதில்லை. ஏன் என்று கேட்டால் மகன் என்னைக் கை காட்டுவான். அவனுக்கு ஒன்பது வயதில் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு மில் வாசலில் என்னைக் கைது செய்துவிட்டார்கள். சட்டை போட்டுத் தலை சீவிக்கொண்டு ராத்திரி வரை வாசலில் உட்கார்ந்திருந்தானாம். போலீஸ் வேனில் ஏறியவன் என்ன செய்ய முடியும்? அதை அவன் சொல்லிக் காட்டுவதில்லை. சொல்லிக் காட்டினால் பதில் சொல்லலாம்.

தன்ஷிகா ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. "எங்க கிளாஸ்ல நான் மட்டுந்தான் தாத்தா தீம் பார்க் போகல" என்றாள். அங்கே பனி வீடு என்று ஒன்று இருக்கிறதாம். உள்ளே போனால் மேலேயிருந்து ஐஸ் பொடிப் பொடியாகக் கொட்டுமாம், கம்பளிக் கோட்டு கொடுப்பார்களாம். அதுதான் அவளுக்கு வேண்டும். மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் சரி, பனி வீடு. அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு நாள் போகலாம் என்று மகன் லீவு சொல்லிவிட்டான். என்னிடம் வந்தான். "அப்பா, நீங்களும் வாங்க. ஆனா சும்மா வாங்க" என்றான்.

சும்மா வாங்க என்றால் என்ன பொருள் அம்மிணி? நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதன் எப்படிச் சும்மா வருவது?

அப்படியானால் வழிகாட்டிப் புத்தகம் வாங்குவது என் பொறுப்பு என்றேன். "போன்லயே எல்லாம் இருக்குதுங்கப்பா" என்றான். போனில் இருப்பது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. அச்சில் ஏறியது மாறாது என்றேன். தன்ஷிகா என் பக்கம். "தாத்தா புக்கு வாங்கட்டும்ப்பா, நான் படம் பாக்கறேன்" என்றாள். மூன்றில் இரண்டு ஓட்டு. மைதிலி வாக்களிக்கவில்லை, குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

அப்படித்தான் உங்கள் கடைக்கு வந்தேன்.

நீங்கள் மூன்று எடுத்துப் போட்டீர்கள். முதலாவது பூங்காக்காரர்களே போட்டது, வழவழவென்று வண்ணக் காகிதம், இனாம். முதலாளி இனாமாகக் கொடுக்கிற காகிதத்தை நான் விரலால்கூடத் தொடுவதில்லை. இரண்டாவது இந்த வருடம் வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எழுதியது. "எங்க தங்கச்சி வீட்டுல இதத்தானுங்க வாங்கிட்டுப் போனாங்க, ரொம்ப உதவியா இருந்துச்சாம்" என்று சொன்னீர்கள். சொன்னீர்கள், நான் மறுக்கவில்லை. திறந்து பார்த்தேன். திறந்த பக்கத்திலேயே என்ன போட்டிருக்கிறான்? விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம், ஆகவே கூடுதல் பணம் கட்டி நீலப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பட்டை கட்டியவர்கள் தனி வரிசையில் உடனே உள்ளே போகலாம். எனக்குச் சுரீர் என்றது. பணம் இருக்கிறவன் முன்னால் போகலாம் என்பதை இவ்வளவு சாதாரணமாக, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்கிற மாதிரி எழுதுகிறான். மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாவது கீழ்த் தட்டில் கிடந்தது. நீங்கள் தூசி தட்டிக் கொடுத்தீர்கள். நான் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் கடைசி வரியைப் பார்ப்பேன். அச்சகத்தின் பெயர், எத்தனை பிரதி, வெளியிட்டவர் முகவரி. அது இல்லாத காகிதம் அநாமதேயம். ஒரு முறை எங்கள் சங்கத்தின் பெயரிலேயே வேலைக்குத் திரும்புங்கள் என்று ஒரு பிரசுரம் வந்தது. அச்சகத்தின் பெயர் இல்லை. பார்த்தவுடன் கண்டுபிடித்தவன் நான். இந்தப் புத்தகத்தில் மூன்றும் இருந்தது. ஆண்டும் இருந்திருக்கும். ஆண்டைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை, எங்கள் பிரசுரங்களில் ஆண்டு போடுவதில்லை. அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்குக் கொடுப்பது.

அப்புறம் இருபத்து மூன்றாம் பக்கம். "இப்பூங்காவில் அனைவருக்கும் ஒரே வரிசை. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை." நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். யாரோ ஒரு நேர்மையான மனிதன் எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அய்யா, அது பழசுங்க. நாலஞ்சு வருசம் ஆச்சு. உள்ளார எல்லாம் மாத்திட்டாங்க." அதற்கு நான் சொன்னதும் மறக்கவில்லை. உண்மைக்கு ஏது அம்மிணி பழசு என்றேன். "சரிங்க" என்று பில் போட்டுவிட்டீர்கள். நான் கேட்கிறேன், ஒரு எச்சரிக்கை என்றால் எச்சரிக்கை மாதிரி சொல்ல வேண்டாமா? பில்லைக் கிழித்துக்கொண்டே சொன்னால் கேட்கிறவனுக்கு எப்படி உறைக்கும்? கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

போகட்டும்.

பதினோரு நாள் அந்தப் புத்தகத்தை வீட்டில் வாசித்தோம். விளக்கு வைத்தவுடன் நானும் தன்ஷிகாவும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டோம். ஒரு சார்ட் வாங்கி வந்து நிகழ்ச்சி நிரல் எழுதி ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினேன். பத்து மணி படகு, பதினொன்றரை ராட்டினம், இரண்டரை மணி பனி வீடு. பனி வீட்டுக்கு மட்டும் அவளே நீலத்தில் கட்டம் போட்டாள். இருபத்து மூன்றாம் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வாள். "வாய்ப்பாடுகூட அவ இப்படி ஒப்பிச்சதில்லீங்க மாமா" என்றாள் மைதிலி. மகன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே கொஞ்ச நேரம் நின்று கேட்பான். ஒரு நாள் உட்கார்ந்தே கேட்டான். என் வாசிப்பை அவன் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சரி, அதை விடுங்கள்.

உங்களுக்குப் பன்னிரண்டு-மூன்று ஒப்பந்தம் என்றால் தெரியாது. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் உட்கார்ந்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுவது. அதை அச்சடித்துத் தொழிலாளி கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த மேனேஜரும் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. நாங்கள் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்போம். ஃபோர்மன் ஏதாவது சொன்னால் எடுத்து விரித்துக் காட்டுவோம், வாயை மூடிக்கொள்வான். அந்த மாதிரிதான் அம்மிணி இந்தப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

காலையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. படகு, ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு. மகன் முழங்கால் வரை பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்று சிரித்தான். தன்ஷிகா மட்டும் அரை மணிக்கு ஒரு தடவை "இப்ப மணி என்ன தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டரைக்குப் பனி வீட்டு வாசலில் நின்றோம். நூறு பேருக்கு மேல் வரிசை. ஒரு மணி பத்து நிமிடம் நகர்ந்து நகர்ந்து கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கதவு திறக்கிற போதெல்லாம் உள்ளேயிருந்து புகை மாதிரி குளிர் வந்து முகத்தில் படும். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டுவாள். அப்போதுதான் பக்கத்து வழியில் எட்டுப் பேர் வந்தார்கள். மணிக்கட்டில் நீலப் பட்டை. நேராக உள்ளே. அவர்கள் போனதும் பன்னிரண்டு பேர். நேராக உள்ளே. அப்புறம் ஆறு. எண்ணுவது சங்கக்காரனின் பழக்கம், நான் எண்ணினேன்.

கதவருகே ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அட்டை, செல்லக்கனி என்று பெயர். நான் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன்.

"இது எனக்குத் தெரியாது சார். பட்டை கட்டியிருந்தா உள்ள விடணும்னு சொல்லியிருக்காவ."

"யார் சொன்னது?"

"சூப்பர்வைசர் சார்."

"எழுத்தில் இருக்கிறதா?"

"சார், நான் காண்ட்ராக்ட் சார். வந்தே ஆறு மாசந்தான் ஆகுது. என்னைய வம்புல மாட்டிவிடாதீய சார்."

காண்ட்ராக்ட் தொழிலாளிக்காக நான் எழுதிய பிரசுரங்களை அடுக்கினால் இந்தக் கல்லாப் பெட்டி உயரம் வரும். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். உனக்காகவும் சேர்த்துத்தான் பேசுகிறேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். மைதிலி "மாமா, விடுங்க மாமா, இன்னும் பத்தே பேர்தான்" என்றாள். மகன் என் தோளைத் தொட்டான். "அப்பா, சும்மா வாங்கன்னுதான சொன்னேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். நீலப் பட்டைக்காரர்கள் வருகிற வழியில், தரையில். எழுபத்திரண்டு வயது, முழங்கால் மடங்காது, ஆனாலும் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள் "பெரியவர் சொல்றது நாயந்தானுங்க" என்றார். ஏழெட்டுப் பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தன்ஷிகாவும் உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அம்மிணி, அவளாகவே அந்தக் கீச்சுக் குரலில் ஆரம்பித்தாள்: "இப்பூங்காவில் அனைவருக்கும் ஒரே வரிசை..." கூட்டம் கைதட்டியது. நான் எத்தனை மறியல் பார்த்திருக்கிறேன், எத்தனை வேன் ஏறியிருக்கிறேன். என் வீட்டு ஆள் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இருபது நிமிடம் நீல வரிசை நின்றுபோயிற்று. அதை யாரும் மறுக்க முடியாது.

அப்புறம் டை கட்டிய ஒருவர் வந்தார். குனிந்து மரியாதையாகத்தான் பேசினார். "பாப்பாவுக்காகத்தானுங்களே அய்யா? வாங்க, நீங்க நாலு பேரும் இப்பவே உள்ள போயிருங்க" என்று கதவைத் திறந்து பிடித்தார். தன்ஷிகா எழுந்து ஓடினாள். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டாள். செருப்பின் மேல் வெள்ளையாகப் பொடி விழுந்ததை நான் பார்த்தேன்.

கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். தனிச் சலுகை என்பது என்ன தெரியுமா? எந்தப் போராட்டத்தையும் அப்படித்தான் உடைப்பார்கள். தலைவனைத் தனியாகக் கூப்பிட்டு அவனுக்கு மட்டும் ஒன்றைக் கொடுப்பார்கள். எனக்கு எத்தனை தடவை நீட்டியிருக்கிறார்கள், ஒன்றையும் தொட்டதில்லை. "தாத்தா, ஒரே ஒரு தடவ தாத்தா" என்றாள். கண்ணு, நம்மை நம்பிப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் பார் என்று திரும்பிக் காட்டினேன். திரும்பினால் ஒரு ஆள் இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சூப்பர்வைசர் அவர்களைப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே அனுப்பிவிட்டார். நியாயம் என்று சொன்ன அந்த அம்மாள் கம்பளிக் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தார்.

தன்ஷிகா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"உங்க புகாரை எழுத்துல குடுத்துருங்க அய்யா" என்று டை கட்டியவர் எங்களை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். எனக்கு மகிழ்ச்சிதான். முப்பத்தெட்டு வருடம் நிர்வாகம் என்றால் எழுதிக் கொடுத்ததை வாங்க மாட்டார்கள், வாங்கினால் ஒப்புகை தர மாட்டார்கள். இவர் தானே அச்சடித்த படிவத்தை எடுத்து நீட்டுகிறார், பேனாவும் கொடுக்கிறார். மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். "அப்பா, எழுதாதீங்க. போலாம் வாங்க" என்றான். நான் எழுதினேன். நாள், நேரம், இடம், புகாரின் விவரம். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. சம்பந்தப்பட்ட பணியாளர் பெயர்.

தொழிலாளர் துறை ஆபீசில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் திருப்பி விடுவான். அங்கே பழகிய கை இது, காலியாக விடாது. செல்லக்கனி என்று எழுதினேன். கேட்டது நிர்வாகம். நான் எழுதியது நிர்வாகத்தின் மேல்தான், அந்தப் பெண் மேல் அல்ல. விவரத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. பெயர் மட்டும்தான்.

ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் அவள் நின்றிருந்தாள். சூப்பர்வைசர் அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே, இந்த மாசம் மட்டும்ணே, தங்கச்சிக்குப் பரீட்சைண்ணே" என்றாள். எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

"தாத்தா, அந்த அக்கா பேருதான நீங்க எழுதுனீங்க?" என்று கேட்டாள் தன்ஷிகா.

அவளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

காரில் திரும்பி வந்தோம். மூன்று மணி நேரம். பிள்ளை மைதிலியின் மடியில் படுத்துக்கொண்டாள். சிங்காநல்லூர் சிக்னலில் நின்றபோது மகன் முன்னால் பார்த்தபடியே சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அப்பா, நீங்க போற எடத்துல எல்லாம் யாருக்காச்சும் வேலை போகுதுங்கப்பா."

காரை நிறுத்து என்றேன். இறங்கிவிட்டேன்.

என்னைப் பார்த்து! நூற்றேழு நாள் வேலைநிறுத்தம். மில்லைப் பூட்டியது முதலாளி. நானா பூட்டினேன்? இருநூற்று நாற்பது பேர் தெருவுக்கு வந்தார்கள், உண்மை. என் மகனுடைய தாய்மாமன் அதில் ஒருவர், உண்மை. கடைசிவரை என் வீட்டுப் படி ஏறாமல் செத்தார், அதுவும் உண்மை. அதற்காக, வேலை போகிறது என்று சொல்லலாமா? வேலைக்காகவே வாழ்ந்தவனைப் பார்த்துச் சொல்லலாமா?

அதனால்தான் கேட்கிறேன். தவறு புத்தகத்தின் மேல் என்று ஒரு காகிதம் இருந்தால் அவன் முன்னால் வைப்பேன். பார், நான் ஏமாற்றப்பட்டேன் என்பேன். வாசகத்தை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "மேற்படி நூலை நடப்பு ஆண்டின் பதிப்பு என்று கருதி இவருக்கு விற்றேன்." என்ன? அப்படி எழுத மாட்டீர்களா?

நடந்ததைத்தான் எழுதுவீர்கள். சரி, நடந்ததையே எழுதுங்கள். பொய் எழுதச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை, எந்த விசாரணையிலும் கேட்டதில்லை. எழுதுங்கள், அவசரமில்லை. அந்த அய்யா கேலண்டர் கேட்கிறார், கொடுத்துவிட்டே எழுதுங்கள்.

நல்ல எழுத்து உங்களுக்கு. கொடுங்கள், படிக்கிறேன். "இந்தப் புத்தகம் பழைய பதிப்பு என்று இவரிடம் சொன்னேன். இந்த ஆண்டுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். பழையதே வேண்டும் என்று வாங்கிச் சென்றார். கே. கலாமணி."

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

இல்லை, ஒன்றும் இல்லை. வெயிலில் நடந்து வந்தது.

இதை நான் வீட்டில் கொண்டுபோய்க் காட்ட முடியாது கலாமணி. காட்டினால் "இதைத்தானப்பா நானும் சொன்னேன்" என்பான். இதில் பிழை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. மூன்று வரி, மூன்றும் நடந்தது.

இருங்கள். காகிதத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள், கையிலேயே இருக்கட்டும்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்காக நான் எத்தனை விசாரணையில் உட்கார்ந்திருப்பேன். நூறு இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு காகிதத்துக்குத்தான் தவிப்போம். புகார் கொடுத்தவனே வந்து, பிசகு என் மேல்தான் என்று எழுதித் தந்துவிட்டால் போதும், அப்புறம் நிர்வாகம் பேச முடியாது. எந்த மேஸ்திரியும் எழுதித் தந்ததில்லை. காலில் விழுந்து கேட்டிருக்கிறோம், தந்ததில்லை. என்ன மனிதன் என்று காறித் துப்பிவிட்டு வருவேன்.

இது அந்தக் காகிதம்தான் அம்மிணி. பாதி. மீதியை நான் எழுத வேண்டும்.

அந்தப் பேனாவைக் கொடுங்கள். "வாயிலில் பணியிலிருந்த செல்லக்கனி என்பவர் மீது எந்தத் தவறும் இல்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தகராறு செய்தவன் நான். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்." இரண்டு பிரதி எடுக்க வேண்டும். பூங்காவுக்கு ஒன்று, காண்ட்ராக்ட்காரருக்கு ஒன்று. எங்கள் ஆள் இல்லை என்று ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள், எனக்குத் தெரியும். பதினெட்டு நாளாயிற்று. அந்தக் கதவில் வேறு ஒரு பெண்ணை நிறுத்தியிருப்பார்கள். நானே நேரில் போகிறேன். பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம் ஆகும்.

வீட்டுக்கா? வீட்டுக்குப் போவதற்கு இனி என்ன இருக்கிறது கையில். அதை அப்புறம் பார்க்கலாம்.

அட, என்ன செய்துவிட்டேன் பாருங்கள். நான் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேலே ஒரு சொல் எழுதுவேன். "எதிர்ப்புடன்." சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் பதிவேட்டில் எதிர்ப்புடன் என்று எழுதித்தான் வாங்குவோம், அப்போதுதான் நாளைக்குக் கேட்க முடியும். குற்றப்பத்திரிகை வாங்கினாலும் அப்படித்தான். ஒரு தடவை மகனுடைய ரேங்க் கார்டில்கூட எழுதிவிட்டேன், வாத்தியார் கூப்பிட்டு விசாரித்தார். இப்போதும் பேனா அங்கேதான் போயிருக்கிறது. "எதி" வரை வந்துவிட்டது.

அடிக்கக் கூடாது. அடித்தால் திருத்தம் என்று தள்ளிவிடுவார்கள், மனமில்லாமல் எழுதியது என்பார்கள்.

வேறு ஒரு தாள் கொடுங்கள் கலாமணி. முதலிலிருந்து எழுதிவிடுவோம். உங்கள் மூன்று வரியையும் அப்படியே எழுதுங்கள், ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். கீழே நான் வெறுமனே பெயரை மட்டும் போடுகிறேன்.